நொச்சிக் குச்சியும் பால் டின்னும்

1

ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்குகிறவர்கள் சம்பளம், அரிசி விலை, படம் ஓடும் கொட்டகை எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுக் கடைசியில் என்னிடம் கேட்பது இதைத்தான்: "இங்கிட்டுக் கொசு எப்பிடிண்ணே?"

எப்படி என்று சொல்வது! நான் இருக்கும் மலாய் நாட்டுத் தைப்பிங் ஊரில் மழை பெய்தால் யாரும் பேசமாட்டார்கள்; பெய்யாவிட்டால்தான் பேச்சு. காலையில் சுள்ளென்று வெயில் அடிக்கும். மத்தியானத்துக்கு மேல் இருட்டிக்கொண்டு வந்து கொட்டும். சாக்கடை, வாழைமட்டை இடுக்கு, பிள்ளைகள் எறிந்த சிரட்டை என்று எங்கே பார்த்தாலும் தண்ணீர் நிற்கும். திண்டுக்கல் பக்கத்தில் ஒரு குடம் தண்ணீருக்காகக் கிணற்றடியில் வாய்ச்சண்டை போட்டு வளர்ந்தவன் நான். தேங்கிய தண்ணீரைக் கண்டு பயப்படுவேன் என்று யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் பைத்தியம் என்றிருப்பேன்.

இந்தக் குறிப்புகளை இப்போது எழுதக் காரணம், என் இளைய மகள் செல்வி காய்ச்சலில் போய் இந்த வாரத்தோடு ஒரு வருஷம் ஆவதுதான். கொசு கடித்து வந்த காய்ச்சல். இந்தக் குவார்ட்டர்ஸ் வரிசையில் கொசுவை விரட்டுவதற்கு எங்கள் வீட்டைப் போலப் பாடுபட்ட வீடு வேறொன்று கிடையாது. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு, பெற்றவர்கள் அசட்டையாக இருந்திருப்பார்கள் என்று நினைக்கக் கூடாது.

2

என் மனைவி பேச்சியின் ஊரும் என் ஊரும் திண்டுக்கல்லுக்குக் கிழக்கே, சிறுமலை கண்ணுக்கு எதிரே நிற்கும் சமவெளியில் இருக்கின்றன. வெங்காயம், கம்பு, கிணறு நன்றாக இருந்தால் புகையிலை. பேச்சி வீட்டில் மாடுகள் அதிகம். அங்கே பொழுது சாய்ந்தால் முதல் வேலை மூட்டம் போடுவது. விளக்கு ஏற்றுவது அதற்குப் பிறகுதான்.

மூட்டம் என்றால் சும்மா குப்பையைக் கொளுத்துவதில்லை. அரைக் காய்ச்சலான சாணியை உடைத்து அடியில் போடவேண்டும். அதன் மேல் காய்ந்த வேப்பிலை, அதற்கும் மேல் பச்சை நொச்சித் தழை. நொச்சியை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: வாய்க்கால் ஓரத்தில் வேலிக்கு வைக்கிற செடி, இலையைக் கசக்கினால் மூக்கில் ஏறும் மணம். நெருப்பு எரியக் கூடாது, கனியத்தான் வேண்டும். சுடர் எழும்பினால் கையால் தண்ணீர் தெளித்து அடக்கவேண்டும். காற்று வருகிற பக்கத்தில் போட்டால்தான் புகை தரையோடு ஊர்ந்து மாட்டின் காலையும் வயிற்றையும் தடவிக்கொண்டு போகும். மாறிப் போட்டால் புகை பக்கத்து வீட்டுக்காரன் கண்ணைக் கெடுக்கும். கொசு நம்மிடமே இருக்கும்.

கல்யாணத்துக்கு முன்பு அந்த வீட்டில் மூட்டம் போட்டது பேச்சிதான். பெண் பார்க்கப் போன அன்றைக்குக்கூட அவள் புகை மணத்தோடுதான் வந்து காபி கொடுத்தாள். என் அம்மா முகத்தைச் சுளித்தாள். எனக்கு அது பிடித்திருந்தது.

வெங்காயத்தைக் குவித்து வைக்கும் பட்டறைக்குக் காவல் படுக்கிறவர்கள் வேப்பெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து கைகாலில் பூசிக்கொள்வார்கள். காளைகளுக்குக் காதிலும் அடிவயிற்றிலும் புங்கெண்ணெய் தடவுவார்கள். திண்டுக்கல் கிட்டங்கிகளில் கிடைக்கும் புகையிலைத் தூசியை மாட்டு மூட்டத்தில் ஒரு சிட்டிகை போடுவதும் உண்டு. ஆனால் அதற்குத் தனி ஜாக்கிரதை. பேச்சியின் சித்தப்பா ஒரு தரம் வீட்டு நாயைக் கொசுவும் உண்ணியும் பிடுங்குகிறது என்று இரக்கப்பட்டு, புகையிலைக் காம்பைக் காய்ச்சிய தண்ணீரில் குளிப்பாட்டிவிட்டார். நாய் உடம்பை நக்காமல் இருக்குமா? நுரை தள்ளி, கால்கள் இழுத்து, பொழுது விழுமுன் செத்துப்போனது. "செடியில இருந்து வந்ததுதான, என்ன செஞ்சிரும்னு நெனச்சேன்" என்று அந்த மனிதர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாராம். இதைப் பேச்சி எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். நாங்கள் இருவருமே அதை நாயைப் பற்றிய கதையாகத்தான் வைத்திருந்தோம்.

3

நான் மரம் விற்கும் மரவாடியில் ஸ்டோர் கணக்கு எழுதும் கிராணி. வேலைக்குச் சேர்ந்து, நிரந்தரமாகத் தங்கலாம் என்கிற சிவப்பு அட்டை வாங்கி, மனைவியை அழைக்க அனுமதி கேட்டு, கவுண்ட்டர் கவுண்ட்டராக நின்று, அவள் கப்பலில் வந்து சேர்வதற்குள் எனக்கு முன்நெற்றி வழுக்கையாகிவிட்டது. ஒரு கவுண்ட்டரில் அவள் பெயர் பேச்சியா பேச்சியம்மாளா என்று கேட்டார்கள். இரண்டும்தான் என்றேன். இரண்டு பேரை அழைக்க முடியாது என்றார்கள்.

வந்தவள் முதலில் கற்றுக்கொண்ட மலாய்ச் சொல் அசாப். புகை என்று அர்த்தம். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள் பின்கட்டில் தேங்காய் மட்டையைப் புகைய வைத்துக் கோழிக்கூண்டின் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள். பேச்சி அதைப் பார்த்ததும் கைகொட்டிச் சிரித்தாள். அந்த அம்மாள் "அசாப், அசாப்" என்றாள். இவள் "மூட்டம், மூட்டம்" என்றாள். வேறு எதுவும் பேசத் தெரியாமல் அந்த இருவரும் பல வருஷம் நல்ல சிநேகிதிகளாக இருந்தார்கள்.

எங்களிடம் ஓர் ஆடு உண்டு. அதற்கும் எங்களுக்கும் சேர்த்து அன்றாடம் சாயங்காலம் மூட்டம். இங்கே வேப்பிலை அரிது, நொச்சி நான் பார்த்ததில்லை. சாணி, மட்டை, எலுமிச்சம்புல் என்று கிடைத்ததை வைத்து ஒப்பேற்றினாள். ஒருநாள் நகரசபையிலிருந்து ஆள் வந்து, புகை போடுவதாகப் புகார் வந்திருக்கிறது என்றான். பதில் சொல்ல நான் நேரில் போனேன். அங்கிருந்தவருக்குக் கொசுவுக்காக ஆட்டுக்குப் புகை போடுவதை விளக்க என் மலாய் போதவில்லை. ஆட்டை வாட்டுகிறோம் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. கடைசியில் என் மூத்த மகள் மீனாவை அழைத்துப் போய்ப் பேசவைத்தேன். அவள் அப்போதே ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் நன்றாகத் தேறியிருந்தாள். பொழுது சாய்ந்தபின் சிறிய அளவில் போட்டுக்கொள்ளலாம் என்று அனுமதி வாங்கிக் கொடுத்தாள். அன்று முதல் எங்கள் வீட்டுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே நின்று பேசுகிறவள் அவள்தான்.

அந்த மீனாவுக்கே வேப்பெண்ணெய் பிடிக்காது. சாயங்கால டியூஷனுக்குக் கிளம்பும்போது பேச்சி கையில் காலில் பூசி அனுப்புவாள். இவள் வாசல் குழாயடியில் நின்று சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போவாள். கூடப் படிக்கிற பெண்கள் மூக்கைப் பிடிக்கிறார்களாம். செல்வி அப்படியில்லை. காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, "இன்னுங் கொஞ்சம்" என்று கேட்டுப் பூசிக்கொள்வாள்.

4

பேச்சிக்கு மூட்டத்தின் மேல் ஏன் இத்தனை பிடிவாதம் என்று சொல்லவேண்டும். அவள் தம்பி முத்து சிறுமலையில் வாழைத்தார் சுமக்கப் போனான். போனவன் பகலில் இறங்கிவிட வேண்டும். மலையில் ராத்தங்கினால் குளிர்காய்ச்சல் பிடிக்கும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் சேராது என்பார்கள். சுமைக்கு ஆள் போதவில்லை என்று முத்து அங்கேயே தங்கினான். இறங்கி வந்தபோது ஒருநாள் விட்டு ஒருநாள் உடம்பு தூக்கிப்போட்டது. வீட்டில் இருந்த கம்பளி, சாக்கு, பாய் எல்லாவற்றையும் போட்டு அவன் மேல் பேச்சி ஏறிப் படுத்துக்கொள்வாளாம், அப்படியும் நடுக்கம் நிற்காதாம். திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினார்கள். வழியிலேயே முடிந்தது.

தண்ணீரால் அல்ல, கொசுவால் வருவது என்று பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. சுவரெல்லாம் மருந்து அடித்துக்கொண்டு வீடு வீடாக வந்தவர்கள் சொன்னார்கள். அந்தி மயங்கியபின் கடிக்கிற கொசு என்றார்கள். பேச்சி அதைப் பிடித்துக்கொண்டாள். அன்று முதல் கல்யாணமாகிப் புறப்படும்வரை அங்கே ஒரு சாயங்காலமும் அவள் மூட்டம் தவறவிட்டதில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாருக்கும் குளிர்காய்ச்சல் வரவுமில்லை. மருந்தடித்தது பாதி, புகை பாதி என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்வாள்.

சில வருஷங்களுக்கு முன் நாங்கள் குடும்பத்தோடு ஊருக்குப் போய் வந்தோம். திரும்பும்போது மற்றவர்கள் ஊறுகாயும் சுங்குடிச் சேலையும் கட்டினார்கள். பேச்சி ஒரு கட்டு நொச்சிக் குச்சியை ஈரச் சாக்கில் சுற்றி, மேலே என் பழைய வேட்டியைப் போட்டுக் கட்டினாள். பினாங்குத் துறைமுகத்தில் அதிகாரி குச்சியை எடுத்து முகர்ந்தார். நான் மருந்து என்றேன். என்ன நோய்க்கு என்றார்.  மீனாதான் ஏதோ சொன்னாள். அவர் செல்வியின் கன்னத்தைத் தட்டிவிட்டு எங்களைப் போகச் சொன்னார். அந்த மனிதர் மட்டும் கொஞ்சம் கறாராக இருந்து அதைப் பிடுங்கித் தூர எறிந்திருக்கலாம். இந்த ஒரு வருஷத்தில் இதை எத்தனை தடவை நினைத்திருப்பேன்!

5

ஊரில் நொச்சி நடுவது வேலையே இல்லை. ஐப்பசி மழையில் குச்சியை ஒடித்து வாய்க்கால் கரையில் குத்திவிட்டு வந்துவிடலாம். ஒரே ஒரு விதிதான்: துளிர்க்கிறவரை குச்சியை அசைக்கக் கூடாது. அசைத்தால் வேர் அறுந்துவிடும்.

இங்கே குத்துவதற்கு மண் எங்கே? குவார்ட்டர்ஸ் பின்கட்டு முழுக்கச் சிமெண்டு. அதனால் பேச்சி காலியான பால்மாவு டின்களை வரிசையாக வைத்து, நல்ல தண்ணீர் ஊற்றி, குச்சிகளை அதில் நிறுத்தினாள். ஊர் விதியைத் தண்ணீருக்கும் வைத்துக்கொண்டாள். வேர் விடுகிறவரை டின்னை அசைக்கக் கூடாது, தண்ணீரை மாற்றக் கூடாது. குறைந்தால் மேலாக ஊற்றுவதோடு சரி.

குச்சிகள் துளிர்த்தன. அவளுடைய சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. துளிர்த்ததில் தழை ஒடித்து மூட்டத்தில் போட்டாள். ஒடித்த குச்சியை மறுபடி டின்னில் வைத்தாள். டின்கள் பெருகின. "இன்னுங் கொஞ்ச நாள்ல இந்த வரிசையில இருக்கிற வீட்டுக்கெல்லாம் ஆளுக்கொரு செடி குடுத்துருவேன். அப்புறம் ஒரு கொசு அண்டாது" என்பாள். டின்களில் கூத்தாடிப் புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்ததை அவளும் பார்த்திருக்கிறாள், நானும் பார்த்திருக்கிறேன். ஊரில் கோடைக் கிணற்றுத் தண்ணீரில் இல்லாத கூத்தாடியா? முந்தானையில் வடிகட்டிக் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதற்கும் கொசுவுக்கும் உறவு இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

செல்விக்கு மத்தியானப் பள்ளிக்கூடம். காலை நேரமெல்லாம் பின்கட்டில் அந்த டின்களுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்து படம் வரைவாள். நிழல் நன்றாக இருக்கும். காலில் புள்ளி புள்ளியாகக் கடிபட்டு வந்தால், "சாயந்தரம் எண்ணெய் பூசிக்கலாம்டா தங்கம்" என்று பேச்சி தடவிக்கொடுப்பாள்.

காய்ச்சல் வந்தது. இரண்டாம் நாள் கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று அழுதாள். பிறகு காய்ச்சல் விட்டதுபோல் இருந்தது. கஞ்சி கேட்டாள். நாங்கள் நிம்மதியாக இருந்த அந்தப் பொழுதில் உடம்பில் சிவப்புப் புள்ளிகள் கண்டன, மூக்கில் ரத்தம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர்கள் முடிந்ததைச் செய்தார்கள். குழந்தை நடுங்கினாள், கைகால் குளிர்ந்துவிட்டது. பேச்சி அவள் மேல் கம்பளியைப் போட்டு அணைத்துக்கொண்டு, "நடுக்கம் நின்னுருச்சுங்க, நின்னுருச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நின்றது நடுக்கம் மட்டுமல்ல. நர்ஸ் வந்து அவளைப் பிரித்துவிட வேண்டியிருந்தது.

6

காரியம் முடிந்த மறுவாரம் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். சிறு வயது மலாய்க்காரர், மரியாதையான மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். குளியலறைத் தொட்டி, அலமாரிக் காலுக்கு எறும்பு ஏறாமல் வைத்த கிண்ணம் எல்லாவற்றையும் பார்த்தார். பின்கட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டார். ஒரு டின்னை எடுத்து வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றினார். தட்டு முழுக்கத் துள்ளியது.

அவர் மெதுவாக, நேரம் எடுத்துப் பேசினார். இந்தக் கொசு பகலில் கடிக்கும், காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்பும் அதிகம் கடிக்கும். சாக்கடையில் பிறக்காது, இப்படிப்பட்ட நல்ல தண்ணீரில்தான் பிறக்கும். நீங்கள் போடும் புகை அது கடித்து முடித்த பிறகு போடும் புகை. குழந்தை பகலில் எங்கே உட்காரும்? பாய் கிடந்த இடத்தை மீனா கையால் காட்டினாள். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

பேச்சி கதவோரம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். "என்ன தாயி சொல்றாரு?" என்று கேட்டாள்.

மீனா அம்மாவைப் பார்த்தாள். "தண்ணியத் தேக்கி வைக்கக் கூடாதாம்மா. டின்ன எல்லாம் எடுத்துட்டுப் போறாங்களாம்."

"அம்புட்டுத்தான் சொன்னாரா? இம்புட்டு நேரம் பேசுனாரே?"

"அம்புட்டுத்தாம்மா."

என் மலாய் அரைகுறைதான். ஆனாலும் அன்று எனக்கு எல்லாம் புரிந்தது. மீனா என் பக்கம் திரும்பவில்லை. பதின்மூன்று வயதுப் பெண் தன் தாய்க்காக அந்த இடத்தில் நின்று ஒரு தீர்மானம் செய்துவிட்டாள். அதைக் கலைக்க எனக்கு வாய் வரவில்லை.

நகரசபை லாரியில் டின்கள் போயின. புகைக்கு வந்த புகாரைப் போல இதுவும் ஒரு கெடுபிடி என்று பேச்சி எடுத்துக்கொண்டாள். குச்சி ஒன்று தவறிச் சாக்கடைக் கரையில், சிமெண்டு உடைந்து மண் தெரிந்த இடத்தில் விழுந்தது. பேச்சி அதை எடுத்து அங்கேயே குத்தினாள்.

7

அந்த ஒரு வருஷத்தில் பேச்சி தன்னைத்தானே தின்றுகொண்டிருந்தாள். அவள் கணக்கு வேறு. செல்விக்குக் காய்ச்சல் வருவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை கோயிலில் விசேஷம். திரும்ப நேரமாகி அன்று ஒரு சாயங்காலம் மூட்டம் போடவில்லை. "அந்த ஒருநா போடாம விட்டேனே, எம்புள்ளய நானே குடுத்துட்டேனே" என்று சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்வாள். ஆட்டைக் கட்டும்போது சொல்வாள். அப்படியில்லை என்று நான் சொன்னால், பின்னே எப்படி என்று கேட்பாள். நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவேன்.

மீனா வீட்டில் பேசுவதை நிறுத்தியிருந்தாள். கேட்டால் ஒரு சொல், அதுவும் ஆங்கிலத்திலோ மலாயிலோ. பள்ளிக்கூடம், லைப்ரரி, வந்தால் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுக்கை. அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவாள். இங்கே நம்மவர்கள் கூடினால் இதுதான் பேச்சு: பிள்ளைகள் கைவிட்டுப் போகிறார்கள், தமிழ் மறக்கிறார்கள், நம்மைக் கண்டால் வெட்கப்படுகிறார்கள். நானும் தலையாட்டி, ஆங்கிலப் பள்ளிக்கூடத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தமிழ் மறக்கவில்லை. தமிழில் வாயைத் திறந்தால் எது வந்து விழும் என்று பயந்துகொண்டிருந்தாள்.

8

இந்த வாரம் வருஷ நாள். காலையில் செல்விக்குப் பிடித்த சேமியாப் பாயசம் வைத்து, புதுப் பாவாடை வாங்கிப் படைத்தோம். மத்தியானத்துக்கு மேல் சரோஜா வந்தாள். கடைசி வீட்டில் புதிதாகக் குடிவந்தவள்; சின்னாளபட்டிப் பெண். இடுப்பில் கைக்குழந்தை, கையில் இரண்டு பால்மாவு டின்கள்.

சாக்கடைக் கரையில் குத்திய குச்சி இந்த மழையில் ஆள் உயரம் வளர்ந்து புதராக நிற்கிறது. "அக்கா, நொச்சி இருக்குன்னாங்க. புள்ளயக் கொசு பிச்சுப் பிடுங்குதுக்கா. எனக்கும் ரெண்டு குச்சி குடுங்க" என்றாள்.

பேச்சியின் முகத்தில் ஒரு வருஷத்துக்குப் பிறகு கொஞ்சம் வெளிச்சம் பார்த்தேன். "இரு, செத்த நேரம் உக்காரு" என்று அவளை உட்காரவைத்து, அரிவாளை எடுத்துக்கொண்டு போய் நல்ல குச்சியாகப் பார்த்து வெட்டினாள். டின்னில் தண்ணீர் ஊற்றி நிறுத்தினாள். "நிழலா பார்த்து வையி. புள்ளயத் தொட்டிலு போடுவேல்ல, அதுக்குப் பக்கத்துல வையி. வேர் விடுற வரைக்கும் தண்ணிய மட்டும் மாத்திறாத."

நான் கூடத்தில் இருந்தேன். எழுந்து வருவதற்குள், பள்ளிக்கூட உடுப்புடன் அப்போதுதான் உள்ளே வந்த மீனா நேராகப் பின்கட்டுக்குப் போனாள். சரோஜாவின் கையிலிருந்து டின்னை வாங்கித் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினாள். மற்ற டின்னையும் கொட்டினாள்.

"ஏய்! வருச நாளும் அதுவுமா என்ன காரியஞ் செய்யிற?" என்று பேச்சி கையை ஓங்கிவிட்டாள். "பச்சப் புள்ள இருக்கிற வீடுடி அது!"

"அதுக்குத்தாம்மா கொட்டுறேன்."

மீனா டின்னைக் கீழே வைத்தாள்.  "அந்தக் கொசு இருட்டுனப்புறம் வராதும்மா. பகல்ல வரும். நல்ல தண்ணியிலதான் முட்டை போடும். நம்ம டின்னுலதான் இருந்துச்சு. செல்வி அதுக்குப் பக்கத்துலதான உக்காந்திருந்தா. இன்ஸ்பெக்டர் அன்னைக்கே சொன்னாரு. நான்தான் சொல்லல."

சரோஜா குழந்தையின் தலையைத் தன் தோளில் அமர்த்திக்கொண்டாள். காலி டின்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பேச்சி ஓங்கிய கையை இறக்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் போனேன், என்னைப் பார்க்கவில்லை. மீனாவிடம் கேட்டாள்.

"அப்ப, அந்த வெள்ளிக்கிழம மூட்டம் போடாததுனால இல்லையா?"

"இல்லம்மா."

"டின்னா?"

மீனா ஆமென்று தலையாட்டினாள். அழுதுகொண்டிருந்தாள். ஒரு பழியைப் பேச்சியின் தலையிலிருந்து இறக்கி அதைவிடப் பெரியதை ஏற்றி வைத்துவிட்டோம். இனி இவள் எழுந்திருக்கவே மாட்டாள் என்று பயந்தேன்.

பேச்சி மகளைப் பார்த்தாள். அந்த ஒரு வருஷத்தில் அவள் மீனாவை அப்படி நேராகப் பார்த்து நான் கண்டதில்லை. "இதையா தாயி ஒரு வருசமா வயித்துக்குள்ள வச்சிக்கிட்டு எங்கூடப் பேசாமத் திரிஞ்ச?" என்றாள்.

9

அன்று சாயங்காலம் அவள் மூட்டம் போடவில்லை. ஆட்டின் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். இருட்டக் கொசு மொய்த்தது. ஆடு காலை உதைத்துக்கொண்டே இருந்தது. நானே நாலு மட்டையையும் நொச்சித் தழையையும் போட்டு ஏதோ புகைய வைத்தேன். காற்று மாறிப் புகை என் கண்ணுக்கே வந்தது. அவள் திருத்தவில்லை. அவள் கையிலும் காலிலும் கொசு உட்கார்ந்திருந்தது, தட்டிவிடவும் இல்லை.

"உள்ள வா பேச்சி, கடிக்குதுல்ல" என்றேன்.

"இதுக சாயங்காலக் கொசுதான? கடிச்சிட்டுப் போகட்டும். இதுகளோடதான நான் இம்புட்டு நாளும் சண்ட போட்டேன்" என்றாள்.

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் வேப்பெண்ணெய் வாசம் அடித்தது. காலையில் அந்த வாசம் எங்கள் வீட்டில் வந்ததே இல்லை. மீனா சீருடையோடு படியில் உட்கார்ந்து காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தாள். பேச்சி கிண்ணத்தோடு அவள் முன்னால் குந்தினாள்.

"கால நீட்டு ஆத்தா."

மீனா சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினாள். பேச்சி பாதம், கணுக்கால், முழங்காலின் பின்பக்கம், கை, கழுத்து என்று ஓரிடம் விடாமல் தேய்த்தாள்.  நல்ல வெயில் ஏறியிருந்தது. தெருமுனையில் பள்ளிக்கூடப் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். மீனா எழுந்து, பையை மாட்டிக்கொண்டு, குழாயடியைத் தாண்டி நடந்தாள். கழுவவில்லை.

பேச்சி அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து கிண்ணத்தை எடுத்தாள். கைப்பழக்கத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு ஆகிற அளவு எண்ணெய் ஊற்றியிருந்தாள். பாதி அப்படியே இருந்தது.